ஈறு நோய்: பினாங்குப் பல் கிளினிக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஒரு பல் கிளினிக்கில் மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பது என் வேலை. டாக்டர் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லி முடித்ததும் நம் ஆட்கள் என் பக்கம் திரும்பி, “மிஸ்ஸி, என்னம்மா சொன்னாரு?” என்பார்கள். நான் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அப்படி வந்த கேள்விகள்தான் கீழே இருப்பவை. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். பதில்களை எங்கள் டாக்டர் ஒரு தடவை பார்த்துத் திருத்தினார். உங்கள் வாயைத் திறந்து பார்த்தவர் வேறு மாதிரி சொன்னால், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஈறுல என்னங்க நோய் வரப் போகுது? பல்லுக்குத்தானே நோய் வரும்?

பல் ஈறில் நிற்கவில்லை. தாடை எலும்பில் நிற்கிறது. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்கள் இருக்கின்றன. அவைதான் பல்லைப் பிடித்து வைத்திருப்பவை. ஈறு இவை எல்லாவற்றையும் மேலிருந்து மூடிக் காக்கிறது.

நோய் ஈறோடு நின்றால் அது ஈறு அழற்சி. டாக்டர்கள் ஜிஞ்சிவைட்டிஸ் என்பார்கள். ஈறு சிவந்து, உப்பி, தொட்டால் ரத்தம் வரும். இது முழுவதுமாகக் குணமாகக்கூடியது. உள்ளே இறங்கி நார்களையும் எலும்பையும் கரைக்க ஆரம்பித்தால் அதற்குப் பெரியோடொன்டைட்டிஸ் என்று பெயர், சுருக்கமாக ‘பெரியோ’. அதை நிறுத்த முடியும். ஆனால் கரைந்தது பெரும்பாலும் திரும்பி வராது. சீக்கிரம் வாருங்கள் என்று டாக்டர் நச்சரிப்பது இந்த ஒரு வேறுபாட்டுக்காகத்தான்.

இது எப்படி ஆரம்பிக்குது? நான் தினமும் பல்லு விளக்குறேனே.

விளக்கி முடித்த சில மணி நேரத்தில் பல்லின் மேல் கிருமிகள் மீண்டும் படிய ஆரம்பிக்கும். அந்த வழுவழுப்பான படலத்துக்குப் பிளாக் என்று பெயர். நாக்கால் தடவினால் சாயங்காலம் தெரியும். தினமும் எடுத்தால் தொல்லை இல்லை. பிரஷ் எட்டாத இடத்தில், அதாவது பல்லிடுக்கிலும் ஈறின் ஓரத்திலும், தங்கிவிட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி, சில நாட்களிலேயே கெட்டியாகும். அதுதான் காரை, மலாயில் காராங் கிகி. காரை சொரசொரப்பானது. அதன் மேல் புதிய பிளாக் இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஈறை வீங்க வைப்பது அந்தப் பிளாக்.

இதை 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர் நேரடியாகவே காட்டினார். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் விளக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. நீங்கள் தினமும் விளக்கலாம்; ஒரே மூலையைத் தினமும் தவறவிட்டால் அந்த மூலைக்கு நீங்கள் விளக்காத ஆள்தான். பெரும்பாலும் கீழ் முன்பற்களின் உட்பக்கமும் மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கமும் இப்படி விடுபடும். எச்சில் சுரப்பிகள் திறப்பது அங்கேதான், அதனால் காரையும் அங்கே சீக்கிரம் சேரும்.

விளக்குறப்ப ரத்தம் வருது. அதான் அந்தப் பக்கம் பிரஷ் போடுறதே இல்ல. சரிதானே?

இல்லை, நேர் எதிர். ரத்தம் வருவது பிரஷ் கிழித்ததால் அல்ல. அங்கே பிளாக் தங்கி ஈறு புண்ணாகியிருப்பதால். அந்த இடத்தை விட்டுவிட்டால் பிளாக் இன்னும் சேரும், ரத்தம் இன்னும் வரும். மென்மையான பிரஷை ஈறு விளிம்பை நோக்கிச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன அசைவாக அந்த இடத்தை நன்றாக விளக்குங்கள். முதல் சில நாள் ரத்தம் வரும், பயப்படாதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் பிரஷுக்கு எட்டாத காரை உள்ளே இருக்கிறது, கிளினிக்குக்கு வாருங்கள்.

கையில் பிரஷ் குத்தினால் ரத்தம் வருமா? வராது. ஈறும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

வலியே இல்லலா. வலிச்சா வரேன்.

நான் அதிகம் கேட்ட வாசகம் இதுதான். சொத்தைப் பல் வலிப்பது, ஓட்டை பல்லுக்குள் இருக்கும் நரம்பை எட்டுவதால். ஈறு நோய் பல்லுக்கு வெளியே, வேரின் ஓரமாக இறங்குகிறது. நரம்பை அது தொடுவதில்லை. ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் பை போல ஆகிவிடுவதால் சீழும் அழுக்கும் மெல்ல வெளியே வந்துவிடுகின்றன, அழுத்தம் ஏறுவதில்லை. அதனால் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் போகும்.

வலி வரும் நாளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: பையின் வாய் அடைத்துச் சீழ்க் கட்டியாகியிருக்கும், அல்லது எலும்பு கரைந்து மெல்லும்போது பல் ஆட ஆரம்பித்திருக்கும். வலிக்காகக் காத்திருந்தவர்களில் பலருக்கு டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டும்போது வேரில் பாதிதான் எலும்புக்குள் இருக்கும். அந்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பொறுமை குறைவு.

வலிக்கு முன்னால் வரும் அறிகுறிகள் வேறு: ரத்தம், விளக்கியும் போகாத வாய் நாற்றம், ஈறு கீழிறங்கிப் பல் நீளமாகத் தெரிவது, முன்பு இல்லாத இடைவெளி, சாப்பாடு ஒரே இடுக்கில் மாட்டுவது. 2010இல் நடந்த தேசிய வாய்நல ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பெரியோ இருந்தது. அத்தனை பேரும் வலியில் துடித்துக்கொண்டிருக்கவில்லை.

காரை எடுத்தா பல்லு ஆடிப் போயிடும்னு எங்க மாமியார் சொல்றாங்க. அவங்களுக்கு அப்படித்தான் ஆச்சாம்.

மாமியார் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது உண்மை, சொன்ன காரணம்தான் தவறு. பல ஆண்டுக் காரை பற்களின் நடுவே சிமெண்டு மாதிரி இறுகி, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பற்களை ஒன்றோடொன்று கட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் பல்லின் உண்மையான நிலை வெளியே தெரிகிறது. எலும்பு அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டது.

இடைவெளியும் அப்படித்தான். காரை எடுக்கும் ஸ்கேலிங் முடித்துக் கண்ணாடி பார்த்தவர்கள், “பல்லைத் தேய்ச்சு ஓட்டை ஆக்கிட்டாங்க” என்பார்கள். காரை அடைத்திருந்த இடம் காலியாகிறது, வீங்கியிருந்த ஈறு வற்றிச் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்து இடைவெளியாகத் தெரிகின்றன. வேர் வெளியே தெரிவதால் ஐஸ் தண்ணீர் குடித்தால் கொஞ்ச நாள் கூசும். பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். கூச்சத்துக்கான பற்பசை உதவும். ஸ்கேலிங் கருவி அதிர்வினால் காரையை உடைத்து எடுக்கிறது. முறையாகச் செய்தால் எனாமல் போகாது.

ஒரு வேண்டுகோள்: டாக்டர் ஆரம்பிக்கும் முன்பே “இப்ப எது எது ஆடுது?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் மாமியாரோடு வாதாட வேண்டியதில்லை.

ஷோப்பி ஆன்லைன் கடையில ஸ்கேலிங் மெஷின் முப்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) இருக்கு. வீட்டிலேயே பண்ணிக்கலாமா?

வேண்டாம். கண்ணாடியில் தெரிகிற காரையைச் சுரண்டிவிடலாம்; நோயை உண்டாக்குவது ஈறுக்குக் கீழே தெரியாமல் இருப்பது. மேலே சுத்தமாகி, உள்ளே அப்படியே இருந்தால் நோய் மறைந்துதான் வளரும். கை வழுக்கி ஈறைக் கிழித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

உப்புத் தண்ணி, கிராம்பு, வேப்பங்குச்சி, நல்லெண்ணெய், உமிக்கரி… இதுல எது நல்லது?

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வீங்கிய ஈறுக்கு இதமாக இருக்கும், கொப்பளியுங்கள். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். வேப்பங்குச்சியை நன்றாக மென்று நாராக்கி, பொறுமையாகத் தேய்த்தால் பல்லின் வெளிப்பக்கம் சுத்தமாகும். இடுக்குக்கும் உட்பக்கத்துக்கும் போகாது. நல்லெண்ணெய் கொப்பளிப்பதில் கெடுதல் இல்லை, விளக்குவதற்குப் பதிலாக அதைச் செய்யாதவரை. உமிக்கரியை விட்டுவிடுங்கள். அது உராய்ந்து, ஈறு இறங்கிய இடத்தில் வேரைத் தேய்த்துவிடும்.

இவற்றில் எதுவும் ஒட்டிய காரையை எடுக்காது. கடையில் விற்கும் மவுத்வாஷுக்கும் அதே பதில். டாக்டர் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் வலுவானது, ஆனால் அது குறுகிய காலத்துக்கு மட்டும். நீண்ட நாள் போட்டால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கின் ருசி மாறும். உண்மையில் பலன் தருவது, பல்லிடுக்குக்கான சின்ன பிரஷ். உங்கள் இடுக்கின் அளவுக்கு எது பொருந்தும் என்று கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். இடுக்கு நெருக்கமாக இருந்தால் ஃப்ளோஸ் நூல்.

எங்க தாத்தா எஸ்டேட்ல இருந்தவரு. பிரஷையே பார்த்ததில்ல, எண்பது வயசுல கரும்பு கடிச்சாரு. அப்ப நீங்க சொல்றதெல்லாம்?

தாத்தா விஷயத்துக்கு ஓர் அருமையான பதில் இருக்கிறது, அதுவும் தோட்டத்திலிருந்தே. மேலே சொன்ன அதே லோவும் அவருடைய குழுவினரும் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 1985 வரை தொடர்ந்து பரிசோதித்தார்கள். அவர்களிடம் பல் விளக்கும் பழக்கம் இல்லை. எல்லாருக்கும் வாய் நிறைய காரை, எல்லாருக்கும் ஈறில் வீக்கம்.

ஆனாலும் எல்லாருடைய பல்லும் ஒரே வேகத்தில் போகவில்லை. ஏறக்குறைய 8 விழுக்காட்டினருக்கு நோய் மிக வேகமாக இறங்கியது. 81 விழுக்காட்டினருக்கு நடுத்தர வேகம். 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீங்கியதோடு சரி, அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. 35 வயதில், வேகமாகப் போனவர்களின் வேரில் சராசரி 9 மில்லிமீட்டர் பிடிப்பு போயிருந்தது. கடைசிக் குழுவினருக்கு 1 மில்லிமீட்டர்கூட இல்லை.

உடம்பின் எதிர்ப்புத் தன்மை ஆளுக்கு ஆள் மாறுகிறது. அது குடும்பத்தில் வருவதும் உண்டு. தாத்தா அந்த 11 விழுக்காட்டினரைப் போன்றவராக இருந்திருக்கலாம். நீங்கள் எந்தக் குழு என்பது உங்கள் நெற்றியில் எழுதியில்லை, பரிசோதித்தால்தான் தெரியும். பாட்டி எத்தனை வயதில் பல் செட் போட்டார் என்பதையும் விசாரித்துப் பாருங்கள். தாத்தாவின் கரும்பு மட்டும்தான் கதையாக நிற்கிறது.

டாக்டர் ஒரு கம்பியை விட்டு “மூணு, ரெண்டு, அஞ்சு, ஆறு”ன்னு சொல்லிக்கிட்டே போறாரு. அது என்ன கணக்கு?

ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழம், மில்லிமீட்டரில். அதை எழுதுவது நான்தான். 3 வரை, ரத்தமும் இல்லையென்றால், கவலை இல்லை. 4, 5 என்றால் பை உருவாகிறது. 6உம் அதற்கு மேலும் என்றால் ஆழம். உங்கள் பிரஷ் அங்கே போகவே போகாது. எண்ணோடு “ரத்தம்” என்று சொல்கிறாரா என்றும் கவனியுங்கள்.

பெரியோ முற்றியவரின் எல்லாப் பைகளின் உட்சுவரையும் விரித்துப் பார்த்தால், புண்ணான பரப்பு பல சதுர சென்டிமீட்டர் வரும். கையில் அவ்வளவு பெரிய புண் இருந்தால் யாரும் வலிக்கட்டும் என்று காத்திருக்க மாட்டார்கள்.

எனக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருக்கு. அதுக்கும் ஈறுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு பக்கமும் சம்பந்தம். ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது கிருமியை எதிர்க்கும் சக்தி குறைகிறது, புண் ஆறுவதும் தாமதமாகிறது; ஈறு நோய் வேகமாக இறங்கும். மறுபக்கம், ஈறில் ஓயாமல் இருக்கும் அழற்சி இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கிறது. பெரியோவுக்குச் சிகிச்சை எடுத்தவர்களின் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு மூன்று நான்கு மாதத்தில் சராசரி 0.4 புள்ளி அளவுக்குக் குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. பெரிய எண்ணாகத் தோன்றாது. ஆனால் 8இல் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு அது உதவி.

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது. இந்தியர்களிடம் விகிதம் இன்னும் அதிகம். அதனால் எங்களிடம் வரும் தமிழர்களிடம் முதலில் இதைத்தான் விசாரிப்போம். சிலருக்கு, திரும்பத் திரும்ப ஈறில் கட்டி வந்த பிறகு ரத்தம் பார்த்ததில்தான் இனிப்புநீர் இருப்பதே தெரிந்தது.

பல் கிளினிக்குக்கு வெறும் வயிற்றோடு வராதீர்கள். ரத்தப் பரிசோதனை என்று நினைத்துப் பசியாறாமல், ஆனால் மருந்தை மட்டும் போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியிலேயே மயங்கியவர்கள் உண்டு. வழக்கம்போல் சாப்பிட்டு, மருந்து போட்டு, காலை நேரத்தில் வாருங்கள். கடைசி எச்பிஏ1சி எழுதிய அட்டையையும் கொண்டு வாருங்கள்.

நான் சிகரெட் பிடிக்கிறேன், ஆனா ரத்தமே வர்றதில்ல. என் ஈறு நல்லாத்தானே இருக்கு?

சிகரெட் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். நோய் இருந்தும் ரத்தம் வராது, சிவப்பும் தெரியாது. மற்றவர்களுக்கு ரத்தம்தான் முதல் எச்சரிக்கை. உங்களுக்கு அது கிடைக்காது. புகைப்பவர்களுக்கு எலும்பு வேகமாகக் கரையும், சிகிச்சைக்குப் பின் ஆறுவதும் மெதுவாக. ஒரு நாளைக்கு 10 சிகரெட்டுக்கு மேல் என்றால், நோய் வேகத்தின் மிக மோசமான தரத்தில் டாக்டர் உங்களை வைப்பார்.

பிரஷர் மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதிலிருந்து ஈறு பல்லு மேல வளருது. கற்பனையா?

கற்பனை இல்லை. அம்லோடிபின், நிஃபெடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். வலிப்புக்கான ஃபெனிடோயினும், உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரினும் அப்படியே. பிளாக் அதிகம் இருந்தால் வளர்ச்சியும் அதிகம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் டாக்டர் கடிதம் கொடுப்பார்; மருந்து தந்த டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்று பார்ப்பார்.

மாசமா இருக்கேன். ஈறெல்லாம் வீங்குது. பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கலாமா?

இப்போதே வாருங்கள். ஹார்மோன் மாற்றத்தால் அதே அளவு பிளாக்குக்கு ஈறு அதிகமாக வீங்குகிறது. ஸ்கேலிங் செய்வது கர்ப்பகாலத்தில் பாதுகாப்பானது. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை நாற்காலியில் சாய்ந்திருக்கவும் சுகம். அரசு தாய்சேய் கிளினிக்கிலேயே பல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதைத் தட்டிக் கழிக்காதீர்கள்.

இவ்வளவு எதுக்கு, நல்ல ஆன்டிபயாட்டிக்கா கொடுத்தா போதாதா?

போதாது. பிளாக்கில் கிருமிகள் ஒன்றோடொன்று பிணைந்து பிசின் போன்ற படலத்துக்குள் இருக்கின்றன. மாத்திரை அதற்குள் சரியாகப் புகாது. காரையை மாத்திரை கரைக்கவும் கரைக்காது. கட்டி பரவிக் காய்ச்சல் வந்தாலோ, சில கடுமையான வகைகளிலோ மட்டும் துணைக்கு எழுதித் தருவார்கள்.

முக்கியமான சிகிச்சை, மரத்துப்போக ஊசி போட்டு, பைக்குள் இறங்கி வேரைச் சுத்தம் செய்வது. வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சில தடவை வரச் சொல்வார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள். அப்போதும் ஆழம் குறையாத இடம் இருந்தால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் சின்ன அறுவைச் சிகிச்சை.

கரைஞ்ச எலும்பு திரும்ப வளருமா? இல்லன்னா எதுக்குச் செலவு பண்ணணும்?

எலும்பில் குறுகலான ஆழமான குழி விழுந்திருந்தால், நிபுணர்கள் அதில் எலும்புத் துகள் வைத்து ஓரளவு வளர்க்க முடியும். பரவலாகத் தேய்ந்த எலும்பு திரும்பாது. ஆனால் மிச்சமிருப்பதைக் கொண்டு ஒரு பல் பல்லாண்டு நிற்கும். எலும்பில் கால்வாசி போனபோது வந்தவருக்கு முக்கால்வாசி மிச்சம்; முக்கால்வாசி போனபின் வந்தவருக்கு அதே சிகிச்சை, அதே செலவு, கால்வாசிதான் மிச்சம்.

எல்லாத்தையும் பிடுங்கிட்டு இம்ப்ளாண்ட் போட்டா நிம்மதிதானே?

இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல். அதற்குச் சொத்தை வராது; ஈறு நோய் வரும். அதைச் சுற்றியுள்ள எலும்பும் பிளாக்கினால் கரையும். பெரியோவால் பல்லை இழந்தவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். முதலில் வாயிலிருக்கும் நோயை அடக்காமல் இம்ப்ளாண்ட் போடச் சொல்லும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு பல்லுக்கே பல ஆயிரம் வெள்ளி ஆகும்.

செலவு எவ்வளவு ஆகும்? எங்க போகணும்?

அரசுப் பல் கிளினிக்கில் சில வெள்ளியில் முடிந்துவிடும். நீங்கள் கொடுக்கும் விலை காத்திருப்பு. தனியாரில் சாதாரண ஸ்கேலிங் பெரும்பாலும் 80 முதல் 200 வெள்ளி. பைக்குள் சுத்தம் செய்வது அதைவிடக் கூடும், உட்காரும் முன் கேளுங்கள். 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, மருத்துவச் செலவுக்கான வருமான வரி விலக்கில் பல் சிகிச்சைக்கு 1,000 வெள்ளி வரை காட்டலாம். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சிக்கலான நோய் என்றால் பெரியோடொன்டிக் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலமும் ஒரு வழி.

ட்ரீட்மெண்ட் முடிஞ்சிருச்சு. இன்னும் எதுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவ வரச் சொல்றாங்க?

சுத்தம் செய்த பையில் கிருமிகள் சில வாரங்களிலேயே மறுபடி குடியேறும். பெரியோ வந்தவருக்கு அது எப்போதும் திரும்பக்கூடிய நோய். நன்றாகப் பராமரித்தால் மூன்று மாதம் ஆறு மாதமாக நீளும். காசு பறிக்கிறார்கள் என்று தோன்றினால், போன தடவை அளந்த எண்களையும் இந்தத் தடவை அளந்ததையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

காய்ச்சலோட ஈறுல ரத்தம் வந்தா?

அப்போது பல் கிளினிக்கைத் தேடாதீர்கள். நம் ஊரில் காய்ச்சல், உடல்வலியோடு ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தால் அது டெங்கியின் அபாய அறிகுறியாக இருக்கலாம். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம், டெங்கியில் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். முகம் அல்லது கழுத்து வீங்கி விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் இருந்தாலும் அவசரப் பிரிவுதான். தொடாமலே ஈறில் ரத்தம் கசிந்து, உடம்பில் காரணமில்லாமல் கன்றிய நீலத் தழும்புகளும் இருந்தால், அன்றே ஒரு டாக்டரைப் பார்த்து ரத்தம் பரிசோதியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதன் பெயரை எழுதிக் கையோடு கொண்டு போகவும்.